துளசிக்கு வந்த அழைப்பு

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலையில் கடைசி வீடு செல்லையாவுடையது. ஊருக்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. செல்லையா கடிதத்தில் இன்னமும் பழைய பெயரைத்தான் எழுதுவார். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எழுபத்தாறு வயதிலும் வீட்டுக்குள்ளேயே பொத்தான் போட்ட சட்டையோடுதான் இருப்பார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்களின் பிறப்பு, இறப்பு, பள்ளிக்கூடம், சேமநிதி என்று எல்லா விண்ணப்பப் பாரங்களையும் நிரப்பியது அவர் கைதான். தம் குடும்பத்துப் பாரத்தை மட்டும் வேறொருவர் தொட அவர் விட்டதில்லை. தொலைபேசி எண் கேட்ட இடத்திலெல்லாம் தம் எண்ணையே எழுதினார். குடும்பத்துக்குப் பெரியவர் என்று ஒருவர் இருக்கும்போது இன்னொரு எண் எதற்கு?

மருமகள் துளசியின் ஆஸ்பத்திரிப் பாரத்திலும் அப்படித்தான் எழுதினார்.

துளசிக்கு நாற்பத்து நான்கு வயது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் தினமும் நானூறு இடியாப்பம் பிழிவாள். மாவு கையைச் சுடும்போதே பிழிய வேண்டும்; ஆறினால் நூல் அறுந்துவிடும். அவளுடைய மர அச்சு மாமியார் காலத்தது. அதற்குக் கைபலம் மட்டும் போதாது. மேல்கட்டையின் மேல் மார்பைச் சாய்த்து, உடம்பின் கனம் முழுவதையும் இறக்கினால்தான் மாவு இறங்கும். தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் அப்படிச் சாய்ந்தபோது, இடது மார்பில் கட்டை வழக்கமாகப் படுகிற இடத்தில், உள்ளேயிருந்து ஏதோ ஒன்று கட்டையை எதிர்த்தது. அடுத்த தட்டுக்குச் சாயும்போதும் எதிர்த்தது. அவள் நானூறையும் பிழிந்து முடித்துவிட்டுத்தான் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதித்தார்கள். புற்று என்றார்கள். இடது மார்பை முழுதாக எடுத்துவிட வேண்டும், அக்குளில் இருக்கும் கட்டிகளையும் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

செல்லையா அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார்.

"யாராச்சும் கேட்டா, பித்தப்பையில கல்லு. அவ்வளவுதான். மாலாவுக்குச் சுங்கை பஞ்சாங்குல மாப்பிள்ளை எடம் பேசிக்கிட்டு இருக்கோம். தாய்க்கு இப்படின்னு தெரிஞ்சா, நாளைக்கு மகளுக்கும் வரும்னு பேசுவாங்க. புரியுதா தேவா?"

மகன் தேவன் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறான். அப்பா முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகாதவன். "சரிப்பா" என்றான். பேத்தி மாலா கெடாவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கல்லு என்றுதான் சொல்லப்பட்டது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் செல்லையாவின் கைத்தொலைபேசி அடித்தது. துளசி தேங்காய் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். பேசியது ஆஸ்பத்திரி மிஸி, நர்ஸ். இளம் குரல், மலாயில் பேசினாள். துளசி வருகிற திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டும். மார்பை எடுத்த பிறகு மறுபடி அமைத்துக்கொள்வதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லத் தனி டாக்டர் வருகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். ஆபரேஷனுக்கு முன்னால் இந்த ஒரு திங்கள்தான் இருக்கிறது.

யாரோ ஒரு சின்னப் பெண் மார்பு என்ற அந்தச் சொல்லைத் தம் காதுக்குள் இத்தனை சாதாரணமாகச் சொன்னது செல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்தும் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றார்.

"நோயாளியே சொன்னாரா, பாக்சிக்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டாள்.

"சொல்லிவிட்டாள்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயம்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அழகுக்காகச் செய்துகொள்வது, நடிகைகள் செய்துகொள்வது, இன்னொரு அந்நிய ஆண் மருமகளின் உடம்பைத் தொட்டு அளவெடுப்பது என்று அவர் மனதில் ஓடியது. உயிர் பிழைத்தால் போதாதா? வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பையும் சுவர்க் காலண்டரில் குறித்து வைக்கிறவர் அவர். அன்றைய கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

துளசி வந்து தேங்காய்ச் சாக்கை இறக்கிவிட்டு, கதவோரம் நின்று கேட்டாள்.

"மாமா, ஆஸ்பத்திரியிலேர்ந்து யாரும் கூப்பிட்டாங்களா?"

"இல்லையே."

புதன் கேட்டாள், வியாழன் கேட்டாள். வெள்ளிக்கிழமை கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. மழை விட்டதும் செம்பனை ஆலையின் புளித்த வாடை ஈரத்தோடு தாழ இறங்கி நின்றது. ஒரு கார் வந்தது. கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஃபாரூக்கின் மனைவி ஜஸ்மின், சுங்கை செம்பிலாங்கில் வாங்கிய கெம்போங் மீன் பையோடு இறங்கினாள். அவர்கள் கடைக்குத் தினமும் நூறு இடியாப்பம் போகிறது. ஜஸ்மினுக்கு ஐம்பது வயது, பெரிய உடம்பு, பெரிய குரல்.

"ஐயா, சொகமா இருக்கீங்களா? துளசி எங்க?"

"கொட்டாயில இருக்கு. ஆர்டருன்னா என்கிட்ட சொல்லலாமே."

"பொம்பளைங்க ஆர்டரு ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் பதிலுக்கு நிற்காமல் பின்பக்கம் போனாள்.

கூடத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். செல்லையா பத்திரிகையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பித்தப்பையில கல்லுன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னியாமே. பித்தப்பைக்காரங்களுக்கு மூணாவது மாடி மாரு கிளினிக்குல என்னா வேல? போன வாரம் நான் செக்கப்புக்கு வந்தப்ப உன்னைப் பாத்தேன். நீ தலையைக் குனிஞ்சுகிட்டே."

"அக்கா, மெதுவா. மாமா உள்ள இருக்காரு."

"இருக்கட்டும்லா. நான் என்னா திருடிட்டா வந்திருக்கேன்? எனக்கு மார் எடுத்து மூணு வருஷம் ஆச்சு. ஊர் பூரா சொல்லிட்டேன். சொல்லாம வச்சிருந்தா அவங்களாவே மூணு கத கட்டியிருப்பாங்க."

துளசி சிரித்தது கேட்டது. பல நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

"அக்கா, உங்களுக்கு... திருப்பி வச்சாங்களா?"

"வச்சாங்க. டாக்டரு ஒவ்வொண்ணா சொன்னாரு. ஒண்ணு, சிலிக்கான் பை. உள்ள வச்சுத் தைக்கிறது. ஆபரேஷன் சீக்கிரம் முடியும். ஆனா அப்புறம் ரேடியேஷன் குடுக்கிறதா இருந்தா சில பேருக்கு இறுகிப் போயிருமாம். இன்னொண்ணு, முதுகுச் சதையை முன்னால கொண்டாந்து வைக்கிறது. அப்புறம் அடிவயித்துச் சதை. இல்ல, இப்பத்திக்கு ஒண்ணும் வேணாம், ரேடியேஷன் எல்லாம் முடியட்டும், ஒரு வருஷம் கழிச்சு வச்சுக்கலாம்னாலும் சரி. ஒண்ணுமே வேணாம், தச்சு விட்டாப் போதும், பாடிக்குள்ள பஞ்சு வச்சுக்கிறேன்னாலும் சரி."

"நீங்க?"

"வயிறு. மூணு புள்ளை பெத்த தொப்பை சும்மாதானே கெடந்திச்சு. எங்க வீட்டுக்காரரு, 'ஒரே செலவுல ரெண்டு வேலை முடிஞ்சிருச்சு'ன்னாரு. கரண்டியை எடுத்தேன் பாரு, கல்லாவுக்கு ஓடிட்டாரு." குரல் கொஞ்சம் இறங்கியது. "சிரிக்கிறதுக்குச் சொல்றேன்மா. லேசு இல்ல. எட்டு மணி நேரம் படுக்கப் போட்டாங்க. ஒரு மாசம் நிமிந்து நிக்க முடியல. இருமினா வயிறு பிரிஞ்சிரும் போல இருக்கும். இன்னமும் அங்க மரத்துத்தான் கெடக்கு, கிள்ளினாத் தெரியாது. ஆனா குளிக்கிறப்ப கண்ணை மூடிக்கிறது இல்ல."

"முதுகுல எடுத்தா கை அமுக்க வருமா அக்கா? எனக்கு அச்சு அமுக்கணுமே."

"அதைத்தான் அந்த டாக்டருகிட்ட கேக்கணும். அவருதான் உன் உடம்பைப் பாத்துச் சொல்லணும். எல்லாருக்கும் எல்லாம் ஒத்து வராது. என் பக்கத்து பெட்டுல ஒரு சீனத்தி, ஒண்ணும் வேணாம்னுட்டா. நல்லாத்தான் இருக்கா, மார்க்கெட்டுல கோழி வெட்டுறா. ஆனா வேணாம்னு அவ வாயால சொன்னா. அதான் விசயம். உன்னை எப்ப வரச் சொன்னாங்க?"

துளசி தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கூப்பிடலக்கா."

"என்னாது? ஆபரேஷன் எப்ப?"

"வர்ற வியாழக்கெழமை. மிஸி கூப்பிடுவாங்கன்னு பெரிய டாக்டரு சொன்னாரு. இன்னும் கூப்பிடல. எனக்குத் தெரியுதுக்கா. முத்திப் போனவளுக்கு அதை வச்சு என்னா பண்ணப் போறாங்க? செத்துப் போறவளுக்கு யாரு எட்டு மணி நேரம் ஆபரேஷன் பண்ணுவா? அதான் விட்டுட்டாங்க. வாயால சொல்ல மாட்டாங்கல்ல, கூப்பிடாம விட்டுருவாங்க."

"அடச்சீ, அப்படிப் பேசாத."

"மாலா அப்பாவுக்கு மாவு பெசயச் சொல்லிக் குடுத்தேன் நேத்து. தண்ணி எந்தக் கொதியில ஊத்தணும்னு. 'எதுக்கு இப்ப?'ன்னாரு. சும்மான்னேன். மாலாவுக்கு எடுத்து வச்ச பொடவை எல்லாத்துலயும் பேரு எழுதி வச்சிட்டேன். ராவெல்லாம் கையை அங்க வச்சுக்கிட்டே படுத்திருக்கேன்க்கா. பயமா இருக்கு. சாவறது இல்ல, யாரும் ஒண்ணும் சொல்லாம இருக்காங்க பாருங்க, அது."

"எந்திரி. கதவைச் சாத்து. நான் காட்டுறேன், பாரு. அப்புறம் பேசு."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மழை நீர் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு துளசி அழுதாள்.

செல்லையா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவருக்கு வள்ளியம்மா என்று ஒரு தங்கை இருந்தாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு, இதே தோட்டத்து லயத்தில், பதினோரு மாதம் மாரில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். கடைசி இரண்டு மாதம் வாசலில் சாம்பிராணி போட்டார்கள், வாடை அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க. வெளிநாட்டு மானேஜர் கேட்டபோது பதில் சொன்னதும் பதிவேட்டில் எழுதியதும் செல்லையாதான். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதினார். அழகான கையெழுத்து. வீட்டு மானம் நின்றது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். வள்ளியம்மா அந்த அறைக்குள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று இப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

ஜஸ்மின் போகும்போது அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "வர்றேன் ஐயா" என்றாள்.

அன்று மாலையே மிஸி அழைத்த அந்த எண்ணுக்கு அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. ஞாயிறு நான்கு முறை அழைத்தார். அலுவலக நேரத்தில் அழைக்கும்படி ஒரு பதிவுக் குரல் சொன்னது. துளசியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கொட்டகை வாசல்வரை போனார். ஒரு தடவை அவள் ஆவியில் முகம் மறைந்து நின்றாள். இன்னொரு தடவை தேவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

"தண்ணி பத்தாது. மாவு உதிருது பாருங்க."

"சுடுதுலா."

"சுடணும். சுட்டாத்தான் வரும். பழகிக்குங்க."

தேவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்த பார்வையைச் செல்லையா பார்த்துவிட்டார். லோரிக்காரன், நாற்பது டன் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறவன், வழி தவறிய பிள்ளை மாதிரி விழித்தான். செல்லையா வந்த வழியே திரும்பினார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை.

"எங்க மாமா இவ்வளவு காலையில?"

"சேமநிதி ஆபீசுக்கு. ஒரு கையெழுத்து."

துளசி நாலு இடியாப்பத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் ஓரத்தில் வைத்து, பையில் போட்டுக் கொடுத்தாள். "வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்க" என்றாள்.

இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரியை அடையும்போது ஒன்பதேகால் ஆகியிருந்தது. மூன்றாவது மாடி. வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் பெண்கள். சிலர் தலையில் துணி கட்டியிருந்தார்கள். ஆண்கள் ஓரமாக நின்றார்கள். ஒரு தூணோரம், தோட்டத்தில் முன்பு ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சன்னாசி உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டு முகப்புக்குப் போனார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முக்காடு போட்ட இளம் மிஸி. குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது, அன்று பேசியவள் இவள்தான். அவர் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"கேட்கவில்லை பாக்சிக். சத்தமாகச் சொல்லுங்கள். என்ன விஷயமாக?"

செல்லையா நிமிர்ந்தார். முப்பத்தொரு வருஷம், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட குரல் அது. அந்த மலாய்ச் சொல்லைக் கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார். மருமகளின் மார்பு ஆபரேஷன் விஷயமாக, மறுபடி அமைக்கிற டாக்டரைப் பார்க்கிற விஷயமாக. காதுமடல் எரிந்தது.

மிஸி கணினியில் தேடினாள். "இங்கே நோயாளி மறுத்துவிட்டார் என்று இருக்கிறதே."

"நோயாளி மறுக்கவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொன்னேன்."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பார்.

"அவர் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றாள் மிஸி. "டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். கடைசியில் பார்ப்பாரா என்று கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை நான் நோயாளியிடம்தான் பேசுவேன். அவர் எண்ணைச் சொல்லுங்கள்."

செல்லையா வாயைத் திறந்தார். எண் வரவில்லை. லயத்தில் பாதிப் பேரின் அடையாள அட்டை எண் இன்றும் அவருக்கு மனப்பாடம். ஒரே கூரையின் கீழ் இருபத்துமூன்று வருஷமாக இருக்கிற மருமகளின் எண் தெரியாது. கேட்டதுமில்லை, தேவைப்பட்டதுமில்லை. கூப்பிட்டால் கதவோரம் வந்து நிற்கிறவள்தானே.

தேவனுக்கு அழைத்தார். ஆலைக்குள் லோரி இருக்கும் நேரம், எடுக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். சட்டைப் பையைத் துழாவினார், பணப்பையைத் துழாவினார். கைப்பைக்குள் கை போனபோது டப்பா தட்டுப்பட்டது, இன்னும் இளஞ்சூடாக.

வெளியே எடுத்தார். மூடியின் மேல் மாலா அச்சடித்துக் கொடுத்த ஒட்டுத்தாள். துளசி இடியாப்பம், தினமும் புதிது. கீழே எண்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். மிஸி அழுத்தினாள். சத்தம் அதிகமான இடம் என்பதால் குரலை வெளியே கேட்கும்படி வைத்தாள்.

"ஹலோ, இடியாப்பம்" என்றது துளசியின் குரல் மலாயில். "எத்தனை வேண்டும்?" பின்னால் ஆவி சீறிக்கொண்டிருந்தது.

மிஸி தான் எங்கிருந்து பேசுகிறாள் என்று சொன்னாள். இன்று திங்கட்கிழமை, அந்த டாக்டர் வந்திருக்கிறார், ஒரு மணிக்கு முன்னால் வர முடியுமா, அவரைப் பார்க்க விருப்பமா என்று கேட்டாள்.

ஆவியின் சீறல் நின்றது. அடுப்பை அணைத்திருக்கிறாள்.

"மிஸி" என்றாள் துளசி. "அப்படியென்றால் என்னை நீங்கள் விட்டுவிடவில்லையா?"

"யார் சொன்னது விட்டுவிட்டோம் என்று? செவ்வாய்க்கிழமையே அழைத்தோமே."

செல்லையா தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கே... வயதானவர் யாராவது நிற்கிறாரா? வெள்ளைச் சட்டை?"

"நிற்கிறார்."

அடுத்தது தமிழில் வந்தது.

"மாமா."

"ம்."

"ஜஸ்மின் அக்காவைக் கார் எடுத்துக்கிட்டு வரச் சொல்றேன். நான் வர்ற வரைக்கும் அங்கயே இருங்க." ஒரு மூச்சு விட்டாள். "எனக்காக இனிமே யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லிறாதீங்க மாமா. நான் வந்து பேசிக்கிறேன்."

இருபத்துமூன்று வருஷத்தில் அவள் அவருக்குச் சொன்ன முதல் உத்தரவு அது. "சரிம்மா" என்றார்.

சுவரில் கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது. கோலசிலாங்கூரிலிருந்து கார் வர வேண்டும், அங்கிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து இங்கே. வழியில் லோரிகள். ஒரு மணிக்கு அந்த டாக்டர் போய்விடுவார். பார்ப்பாரா என்பதே இன்னும் தெரியாது. செல்லையா கூட்டிக் கழித்துப் பார்த்தார். போதும்போல் இருந்தது. மறுபடி கூட்டினால் போதவில்லை.

தூணோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சன்னாசிக்குப் பக்கத்தில்தான். போய் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"கிராணி ஐயா" என்றார் சன்னாசி, தணிந்த குரலில். "நம்ம துளசிக்கா? பித்தப்பையின்னுல்ல சொன்னாங்க. என்னா ஐயா ஆச்சு? நோய் எம்புட்டுத் தூரம் போயிருக்கு?"

செல்லையா அவரைப் பார்த்தார். பழக்கத்தில் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"வந்துகிட்டு இருக்கா சன்னாசி. அவகிட்ட கேளு."

பிறகு மின்தூக்கியின் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.